பொருள்: ஸ்பிதி டீலக்ஸ் பயணம் – சொல்லாமல் வழியை மாற்றியது, காட்டாத ஏரிக்குப் பணம் வாங்கியது தொடர்பாக

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
(நகல்: நிர்வாக இயக்குநர்)

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயத்தை உங்கள் இணையப் படிவத்தில் எழுதினேன், வாட்ஸ்அப்பில் எழுதினேன், மின்னஞ்சலிலும் எழுதினேன். படிவத்துக்கு ஒரு டிக்கெட் எண் வந்தது. அப்புறம் அந்த டிக்கெட் 'தீர்க்கப்பட்டது' என்று தானாக மூடிக்கொண்டது. என்ன தீர்ந்தது, யாருக்குத் தீர்ந்தது என்று கேட்டால் புது டிக்கெட் போடச் சொல்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்றாவது தெரியும் அல்லவா.

ஜூலை முதல் வாரம் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி மலைப் பள்ளத்தாக்குக்குப் புறப்பட்ட உங்கள் டீலக்ஸ் பயணத்தில் நான், என் மனைவி, அவருடைய அக்கா ஆகிய மூவரும் தனி வண்டி எடுத்து வந்தோம். தலைக்கு ₹62,000 வீதம் ₹1,86,000 கட்டியிருக்கிறோம். பேக்கேஜில் என்னென்ன உண்டு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் அச்சடித்ததுதான். அதில் போட்டிருந்த வழி சண்டிகர், சிம்லா, கல்பா, நாகோ, தாபோ, காசா, கடைசியில் சந்திரதால் ஏரி, பிறகு மணாலியில் இறங்குவது. அந்த வரிசையைப் பார்த்துத்தான் உங்களைத் தேர்ந்தெடுத்தேன். என் மனைவிக்கு ஐம்பத்தாறு வயது. கல்பா 3,000 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, நாகோ 3,600-க்கு மேல், தாபோ கொஞ்சம் கீழே, காசா சுமார் 3,650. இப்படி நாலைந்து இரவு ஏறி இறங்கிப் பழகிவிட்டால் சுமார் 4,250 மீட்டரில் இருக்கும் சந்திரதாலை உடம்பு தாங்கும். இதை உங்கள் விற்பனைப் பிரிவில் இருந்தவரே எனக்குப் பொறுமையாக விளக்கினார். நன்றாகவே விளக்கினார், அதை மறுக்கவில்லை.

கோயம்புத்தூரில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த இரவு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: "ஆபரேஷனல் காரணங்களால் பயண வழி தலைகீழாக மாற்றப்படுகிறது. பார்க்கும் இடங்களில் மாற்றம் இல்லை." அவ்வளவுதான். கூப்பிட்டால் எடுக்க ஆளில்லை. என்ன ஆபரேஷனல் காரணம் என்பதை மணாலியில் உங்கள் ஓட்டுநர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். முந்தைய குழுவை இறக்கிவிட்டு வண்டி மணாலியிலேயே நின்றிருக்கிறது, சிம்லாவுக்குக் காலியாக ஓட்டினால் டீசல் வீண். ஓட்டுநரை நான் குறை சொல்லவில்லை. முழுப் பயணத்திலும் தன் வேலை தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

மணாலி சுமார் 2,050 மீட்டர். அங்கே ஒரே ஒரு இரவு. மறுநாள் இரவு சந்திரதால் கூடாரம். ஒரே நாளில் 2,200 மீட்டர் ஏற்றம்! 3,000 மீட்டருக்கு மேலே போனால், படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலையேறுகிறவர்கள் எல்லோரும் அறிந்த விதி. உங்கள் கையேட்டின் கடைசிப் பக்கத்திலும் அது இருக்கிறது. நீங்களே அச்சடித்துவிட்டு நீங்களே மீறுவீர்கள் என்றால் அந்தப் பக்கம் எதற்கு?

அன்று காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். வண்டிக்கு டயர் மாற்ற வேண்டும் என்று உங்கள் டூர் மேனேஜர் சொல்லி, கிளம்பும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. அடல் சுரங்கப்பாதையின் ஒன்பது கிலோமீட்டர் சுகமாகத்தான் போனது. கிராம்பூவில் திரும்பியதும் ரோடு என்று ஒன்று கிடையாது, கல்லும் தண்ணீரும்தான். அந்தப் பாதையில் நாலாக்களை, அதாவது ரோட்டைக் குறுக்கே அறுத்து ஓடும் மலை ஓடைகளை, காலையிலேயே கடந்துவிட வேண்டும், வெயில் ஏற ஏறப் பனி உருகி மதியத்துக்கு மேல் தண்ணீர் பெருகும் என்பது அங்கே சாயா விற்கிறவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. உங்கள் டூர் மேனேஜருக்குத் தெரியவில்லை. காரணம், அவரும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஸ்பிதி வருகிறாராம்! சத்ரு தாண்டி ஒரு நாலாவில் வண்டி முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டது. எதிரே வந்த லாரிக்காரர்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். கூடாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது.

அந்த ராத்திரியைப் பற்றி எழுதினால் கை நடுங்குகிறது. என் மனைவிக்கு மண்டை பிளக்கிற தலைவலி, வாந்தி, மூச்சு வாங்கல். உங்கள் டீலக்ஸில் 'வண்டியில் எப்போதும் ஆக்சிஜன் சிலிண்டர்' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. சிலிண்டர் இருந்தது, காலியாக இருந்தது. முந்தைய குழு பயன்படுத்தியதை யாரும் நிரப்பவில்லை. விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிமீட்டருக்கு பேட்டரி இல்லை. டூர் மேனேஜரை எழுப்பப் போனால் அவரும் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். உங்கள் '24 மணி நேர அவசர எண்'ணை அழைக்க எங்கள் யார் போனிலும் சிக்னல் இல்லை. பக்கத்து முகாமில் இருந்த ஸ்பிதிப் பையன்கள்தான் தங்கள் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். விடியும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு ₹1,800 கொடுத்தோம், அவர்கள் கேட்கவில்லை, நாங்களாகக் கொடுத்தோம். அந்தத் தொகை உங்களிடமிருந்துதான் எனக்கு வரவேண்டும்.

விடிந்ததும் ஓட்டுநர் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வண்டியை எடுத்துவிட்டார். காசாவுக்கு இறங்குவது என்றால்கூட முதலில் 4,551 மீட்டர் குன்சும் கணவாயை ஏறித்தான் இறங்க வேண்டும். எல்லா வண்டியும் அங்கே குன்சும் மாதா கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகிற வழக்கம், எங்கள் ஓட்டுநரும் சுற்றினார். என் மனைவிக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. காசாவில் அரசு மருத்துவர் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "மணாலியிலிருந்து நேராக மேலே வந்தீர்களா?" சீட்டின் நகல் இணைத்திருக்கிறேன், அவர் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

ஆக, சந்திரதாலை நாங்கள் பார்க்கவே இல்லை. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஏரிக்கு நடந்து போக வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும், அந்த நடையை நாங்கள் நடக்கவில்லை. இதற்கு உங்கள் நிறுவனம் எழுத்தில் தந்த பதில் என்ன? "விருந்தினர்கள் சந்திரதால் பகுதியில் இரவு தங்கியுள்ளதால் ஏரி காட்டப்பட்டதாகவே கருதப்படும்." யார் கருதுவது? இருட்டில் போய் விடியலில் திரும்பியவர்களுக்கு ஏரி காட்டப்பட்டதாம். இதைத் தட்டச்சு செய்தவருக்கு ஒரு கணமாவது கை நின்றிருக்காதா?

சரி, இப்போது உங்கள் தொலைபேசிச் சேவைக்கு வருகிறேன். இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஊர் திரும்பிய பிறகு கூப்பிட்டபோது நாற்பது நிமிடம் இசை கேட்க வைத்தபின் ஒருவர் பேசினார். பெயர் கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார். நடந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன். அவர் சொன்னது இது: "தலைவலி வரக்கூடாதுன்னா நீங்க ஊட்டிக்குப் போயிருக்கணும் சார்." பின்னால் யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது.

ஐயா, நான் இருப்பது கோயம்புத்தூரில். ஊட்டிக்குப் போக எனக்கு உங்கள் யோசனை தேவையில்லை, காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாடு ஊட்டியில். ஊட்டி 2,240 மீட்டர், உங்கள் மணாலியைவிட உயரம் என்றாவது அந்த மனிதருக்குத் தெரியுமா? உயரத்தைப் பற்றி எதுவுமே தெரியாதவர்களை உயரமான இடங்களுக்கு ஆள் அனுப்புகிற நிறுவனத்தில் உட்கார வைத்திருக்கிறீர்கள். உரையாடல் பதிவு செய்யப்படுவதாக உங்கள் இயந்திரக் குரல்தான் சொன்னது. அந்தப் பதிவைத் தயவுசெய்து அழிக்காதீர்கள், நுகர்வோர் ஆணையத்தில் கேட்பேன்.

தாபோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மனைவி பள்ளியில் ஓவியம் கற்றுக்கொடுத்தவர். இந்தப் பயணமே அவருக்குத் தாபோவுக்காகத்தான். 996-இல் எழுந்த மடாலயம், மண் சுவர், உள்ளே ஆயிரம் ஆண்டு ஓவியங்களும், நடுவில் நான்கு பக்கமும் பார்க்கிற வைரோசன புத்தரும், சுவரைச் சுற்றிச் சுதைச் சிற்பங்களும். அவர் இதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தார், இருட்டில் பார்க்க டார்ச் கூட வாங்கி வைத்திருந்தார். உங்கள் முதல் திட்டப்படி அங்கே ஓர் இரவு தங்கல். தலைகீழாக்கியபோது அது 'வழியில் ஒரு மணி நேரம்' ஆகிவிட்டது. காசாவில் அறைக்குப் பணம் கட்டுவதில் உங்கள் அலுவலகத்துக்கும் விடுதிக்கும் தகராறு, அது தீரும்வரை எங்களை வரவேற்பறையில் உட்கார வைத்தார்கள். தாபோ போனபோது பழைய கோயிலைப் பூட்டிவிட்டார்கள். பூட்டியவர்கள்மேல் தப்பில்லை, அவர்களுக்கு நேரம் என்று ஒன்று உண்டு. என் மனைவி மண் சுவரை வெளியே நின்று பார்த்துவிட்டு வண்டியில் வந்து உட்கார்ந்தார். கல்பா வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்கள் கையேடு தாபோவுக்கு 'உள்ளே புகைப்படம் எடுக்க 45 நிமிடம்' என்று ஒதுக்கியிருக்கிறது. அந்தக் கோயிலுக்குள் படம் எடுக்கவே அனுமதி கிடையாது! 'சந்திரதால் ஏரிக்கரையிலேயே கூடாரம்' என்று படம் போட்டிருக்கிறீர்கள். கரையில் கூடாரம் போட விடமாட்டார்கள், அது ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் உள்ள ஏரி, முகாம்கள் எல்லாம் சில கிலோமீட்டர் தள்ளித்தான். உங்கள் சரக்கைப் பற்றி உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தே போட்டிருக்கிறீர்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பில்லில் 'இன்னர் லைன் பர்மிட் கட்டணம்', அதாவது எல்லைப் பகுதிக்குள் போக அனுமதிச் சீட்டுக்கு, என்று தலைக்கு ₹600 வேறு. ஸ்பிதிக்கு இந்தியர்களுக்கு அந்தப் பர்மிட்டே தேவையில்லை, வெளிநாட்டவருக்குத்தான். நாங்கள் எப்போது வெளிநாட்டவர் ஆனோம்?

காசாவுக்கு மேலே உள்ள லாங்சா, ஹிக்கிம், கோமிக் ஆகிய மூன்று கிராமங்களுக்கும் மருத்துவர் ஓய்வு சொன்னதால் போகவில்லை. ஹிக்கிம் தபால் நிலையத்திலிருந்து பேரனுக்கு ஒரு கார்டு போடுவதாக அக்கா சொல்லி வைத்திருந்தார், அதுவும் போயிற்று. தன்கர் மடாலயத்தைக் கீழே ரோட்டிலிருந்தே கை காட்டினார் டூர் மேனேஜர். நேரமில்லையாம். கீ மடாலயம் ஒன்றுதான் ஒழுங்காகப் பார்த்தோம். அங்கே துறவிகள் சூடாகத் தேநீர் கொடுத்து, என் மனைவியை வெயிலில் உட்கார வைத்து விசாரித்தார்கள். நாங்கள் அவர்களுக்குக் காசு கட்டவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்கு வந்து நேரில் பேசினால் உடனே முடித்துவிடலாம் என்று உங்கள் மின்னஞ்சல் சொன்னது. அசல் ரசீதுகளோடு ரயிலேறி வந்தேன். வரவேற்பில் இருந்த பெண் மிகவும் பணிவாக, "புகாரெல்லாம் மின்னஞ்சல்லதான் சார் எடுப்போம்" என்றார். அந்த மின்னஞ்சலைக் காட்டினேன். மேலாளர் லீவு என்றார். தண்ணீர் கொடுத்தார், அதற்கு நன்றி. திரும்பும் ரயிலில் உங்களிடமிருந்து செய்தி வருகிறது: சிரமத்துக்கு வருந்துகிறோம், அடுத்த காஷ்மீர் பயணத்தில் 5 சதவீதம் தள்ளுபடி. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்றால் இதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் சண்டைக்கு வரவில்லை. நல்லபடியாக முடிக்கவே விரும்புகிறேன். நான் கேட்பது: கட்டிய ₹1,86,000 முழுவதும், பர்மிட் பெயரில் வாங்கியது அதற்குள்ளேயே அடக்கம், தனியாகக் கேட்கவில்லை. ஆக்சிஜனுக்குக் கொடுத்த ₹1,800, சென்னை ரயில் செலவு, மன உளைச்சலுக்கு ₹5 லட்சம். ஐந்து லட்சம் அதிகம் என்று உங்களுக்குத் தோன்றலாம். என் மனைவியின் ஆயுளில் ஒரே ஒரு தடவை அமைந்த பயணத்தை, ஏன், இனிமேல் எந்த மலைக்கும் வரமாட்டேன் என்று அவர் சொல்கிற அளவுக்கு அவருடைய நிம்மதியையே பாழாக்கியிருக்கிறீர்கள். அதற்கு ஐம்பது லட்சம் கேட்டாலும் தகும். அப்புறம், அந்த ஊட்டிக்காரர் என் மனைவியிடம் நேரடியாக மன்னிப்புக் கேட்க வேண்டும். பணத்தில்கூடப் பேசிக் குறைத்துக்கொள்ளலாம், இதில் குறைக்க மாட்டேன்.

கடிதம் கிடைத்து பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இங்கேயே மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாட்டுக்கு வழக்குப் போடுவேன். வழக்கை நான் வசிக்கும் ஊரிலேயே போடலாம், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது, வக்கீல் இல்லாமல் நானே வாதாடலாம். ஓய்வு பெற்றவன், நேரம் நிறைய இருக்கிறது. கோவைக்கு வாய்தாவுக்கு வந்து போகும் சிரமம் உங்களுடையது. அந்த நிலைக்கு என்னைத் தள்ளாதீர்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: ரசீது நகல், வாட்ஸ்அப் செய்திகளின் படம், மருத்துவர் சீட்டு, முதலில் தந்த பயணத் திட்டம், கையேட்டின் கடைசிப் பக்கம்.

தங்கள் உண்மையுள்ள,
முன்பதிவு செய்த வாடிக்கையாளர்

பி.கு.: கீ மடாலயத்தில் உங்கள் டூர் மேனேஜர் எடுத்த என் மனைவியின் படத்தை 'மகிழ்ச்சியான விருந்தினர்கள்' என்ற தலைப்பில் உங்கள் விளம்பரத்தில் போட்டிருப்பதாக நேற்று எங்கள் மருமகள் காட்டினாள். யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? பணத்துக்கு பதினைந்து நாள் தருகிறேன், அந்தப் படத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.