புல் பழகிக்கொள்ளவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மாணவர் பக்கத்தில், சுரங்க மண்ணில் வளரும் புல் உலோக நஞ்சுக்கு 'மெல்ல மெல்லப் பழகிக்கொண்டது' என்று எழுதியிருந்தீர்கள். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். அந்த ஒரு சொல்லைத் திருத்துவதற்கே பாதி வெண்கட்டி போயிற்று.

புல் பழகுவதில்லை, சாகிறது. 1952இல் தொடங்கி பிரித்தானியாவின் வேல்ஸிலுள்ள பழைய சுரங்கங்களில் தாவர ஆய்வாளர் பிராட்ஷோவும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஆராய்ந்தது இதைத்தான். சாதாரணப் புல்வெளி விதையைச் செப்பு மண்ணில் தூவினால் முளைக்கும், ஆனால் வேர் ஓடாது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு மட்டும் நிற்கும். தாங்கும் குணம் அவற்றின் விதையிலேயே இருந்தது. மண் செய்ததெல்லாம் மற்றவற்றைக் கழித்ததுதான். அதே புல்லை நல்ல மண்ணில் விட்டால் சாதாரணப் புல்லோடு போட்டியிட முடியாமல் பின்தங்கும்.

1946இல் தேயிலையில் கொப்புள நோய் வந்தபின் செப்பு மருந்து அடித்தவர் என் அப்பா. மருந்துத் தாங்கி சுமந்த முதுகுச் சட்டை வெளுத்தாலும் நீலப்பச்சை போகாது. அவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார்: "பழகுவதென்றால் எனக்கல்லவா முதலில் பழகியிருக்க வேண்டும்?"

பிரித்தானியாவில் உயர் மின்கோபுரங்களின் நாகமுலாம் (துத்தநாகப் பூச்சு) மழையில் கரைந்து அடியிலுள்ள மண்ணை நஞ்சாக்கியது. சில பத்தாண்டுகளுக்குள் அங்கே நாகம் தாங்கும் புல் தோன்றிவிட்டது. எல்லாக் கோபுரத்தின் கீழும் அல்ல. சுற்றியுள்ள புல்லில் அந்தக் குணம் கொஞ்சமேனும் இருந்த இடங்களில்தான்.

நம் லயங்களுக்கும், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைகளுக்கும், நாகமுலாம் பூசிய தகரம்தானே? உயர்தர மாணவர்கள் கூரைநீர் சொட்டும் கோட்டிலுள்ள அறுகையும் மைதானத்து அறுகையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் பாதியை வெறும் நீரிலும் பாதியைச் சிறிது நாகசல்பேற்றுக் கரைத்த நீரிலும் வைத்து, இரண்டு வாரத்தில் வேரை அடிமட்டத்தால் அளக்கலாம். நாகசல்பேற்று தேயிலைக்கு அடிப்பதுதான், தோட்டத்து ஸ்டோரிலேயே கிடைக்கும். ஆனால் அதற்குமுன் இரண்டு புல்லையும் ஒரே நல்ல மண்ணில் சில மாதம் வளர்த்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 'பழகியதுதான்' என்று உங்கள் மாணவர் பக்கம் மறுபடியும் எழுதிவிடும்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
மஸ்கெலியா