பாதிச் சவரமும் ஒரு கூடை வண்டலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் பத்து மா நிலம், அதாவது மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், வைத்திருக்கிறேன். கோடையில் ஊர்க் குளத்து வண்டலை அள்ளி வயலில் கொட்டுவது எங்கள் தாத்தா காலத்து வழக்கம், குளமும் ஆழமாகும், வயலுக்கும் நல்லது. இப்போது அதற்குப் பட்டா, அடங்கல், விஏஓ சான்று, அப்புறம் தாசில்தார் அனுமதி. எல்லாம் ஆன்லைனில் சுலபமாகிவிட்டது என்றார்கள், சரி என்று போன வருஷம் சித்திரை பிறந்ததும் இ-சேவை மையத்தில் போட்டேன். வைகாசி முழுக்க 'பரிசீலனையில் உள்ளது'. அனுமதி வந்தபோது மேட்டூர்த் தண்ணீர் எங்கள் குளத்தில் முழங்கால் அளவு நின்றது. அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறேன்.

மண் கொள்ளையைத் தடுக்கத்தான் இந்த விதி என்பார்கள். ராத்திரி லாரியில் போகிறவன் எந்தச் சீட்டுக்கும் காத்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை, பகலில் டிராக்டர் டிப்பரோடு நிற்கிறவன்தான் மாட்டுகிறான்.

1930 ஏப்ரலில் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காக ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் திருச்சியிலிருந்து தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி வழியாக வேதாரண்யத்துக்கு நடந்தார்கள், எங்கள் ஊர்ப் பக்கமாகத்தான். அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் கலெக்டரோடு சண்டைக்குப் போகவில்லை, சோற்றுப் பொட்டலத்தை வழியோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். கடலோரத்தில் தானாக விளைகிற உப்பை அள்ளுவதற்காக அத்தனை நடை!

அதைவிட எனக்குப் பிடித்தது வேதாரண்யம் வைரப்பன் கதை. அதே உப்புப் போராட்டக் காலத்துச் சவரத் தொழிலாளி. முகத்தில் சோப்புப் போட்டுப் பாதி வழித்த பிறகுதான் உட்கார்ந்திருப்பது போலீஸ்காரர் என்று தெரிகிறது, கத்தியை மடித்து வைத்துவிட்டார். மீதியை வழிக்க மாட்டேன் என்றதற்காகச் சிறைக்கும் போனார். அந்த ஆளை ஒரு அடி அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. என் கை, என் கத்தி, உனக்கு வேலை செய்ய மாட்டேன், அவ்வளவுதான். பாதி மீசையோடு அந்தப் போலீஸ்காரர் தெருவில் எப்படி நடந்து போயிருப்பார் என்று நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

ராஜாஜியைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 1952இல் உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தவர் அவர்தான், எதற்கெடுத்தாலும் அரசு அனுமதி கேட்கிற பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யத்தை எதிர்த்து 1959இல்ச் சுதந்திராக் கட்சி தொடங்கியவரும் அவர்தான். ஆனால் 1937இல் ஆட்சிக்கு வந்த பிறகு இந்தித் திணிப்பை எதிர்த்தவர்களை ஜெயிலில் போட்டதும் அவரேதான். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இப்படித்தான் ஆகிறது, அதனால்தான் எந்தக் கட்சி வந்தாலும் நமக்கு விடிந்துவிடும் என்று நான் காத்திருப்பதை நிறுத்திவிட்டேன்.

நாங்கள் மானியமோ இலவசமோ கேட்கவில்லை. எங்கள் குளத்து மண்ணை எங்கள் வயலில் போட விடுங்கள் என்கிறோம். வருகிற சித்திரையில் ஊரில் முப்பது பேர் சேர்ந்து, எந்த நாள் எத்தனை மணிக்கு என்று பதிவுத் தபாலில் தாலுகா ஆபீசுக்குத் தெரிவித்துவிட்டு, பட்டப்பகலில் கூடையில் அள்ளப் போகிறோம். ஜேசிபி கிடையாது, லாரி கிடையாது. யார் எத்தனை கூடை எடுத்தார் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போடுவோம், விற்பனைக்கு ஒரு கூடைகூடப் போகாது. கேஸ் போட்டால் ஓட மாட்டோம், கோர்ட்டுக்கு வருவோம், அபராதம் மட்டும் கட்டுவதாக இல்லை. கோஷம், சாலை மறியல் எதுவும் வேண்டாம் என்று இளவட்டங்களிடம் இப்போதே சொல்லியாயிற்று, பஸ்ஸில் போகிற ஜனங்கள் நமக்கு என்ன செய்தார்கள்?

பிடிக்க வருகிற அதிகாரிகளுக்கு ஒரு தகவல், குளத்தங்கரையில் வேப்பமரம் இருக்கிறது, நிழல் உண்டு, மோரும் வைத்திருப்போம்.

இப்படிக்கு,
ஒரு கடைமடை விவசாயி