நான்காவது இடத்திலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும்,

வணக்கம். 2023 நவம்பர் 7 போய் மூன்று வாரம் ஆகிவிட்டது. நியூஜெர்சியில் தேர்தல் முடிந்து ஆறு நாள் வரைக்கும் தபால் ஓட்டு வந்து சேரலாம். அப்புறம் சரிபார்க்க வேண்டிய ஓட்டுகள் வேறு. எல்லாம் எண்ணி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். முடித்துவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டின் மூன்று இடங்களுக்கு ஐந்து பேர் நின்றோம், நான் நான்காவது. ஜெயித்த மூவரையும் கூப்பிட்டு வாழ்த்து சொல்லியாயிற்று. உங்களுக்குத்தான் இன்னும் எழுதவில்லை.

எதற்காக நின்றேன் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன், ஆனாலும் ஒரு தடவை. எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளையின் வீடு பள்ளியிலிருந்து இரண்டு மைலுக்கு மேல் இருந்தால்தான் பஸ் விட்டாக வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம். உயர்நிலைப் பள்ளிக்கு இரண்டரை மைல். அதற்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு விடுவது சலுகை பஸ். பட்ஜெட் இறுகினால் கத்தி முதலில் அதில்தான் விழும். எங்கள் வீடு 1.8 மைல். பஸ் நின்றது.

பிப்ரவரியில் ஒரு நாள் மகனோடு பள்ளிக்கு நடந்து பார்த்தேன். வழியில் சாலை ஓரிடத்தில் வளைகிறது. அந்த வளைவில் நடைபாதை கிடையாது. பனியை வழித்து ஓரத்தில் குவித்திருந்ததால் ஓரமும் கிடையாது. முதுகில் புத்தகப் பை, கையில் டிராம்போன் பெட்டி. வளைவுக்குப் பத்தடி முன்னால் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். "அம்மா, இங்க நிக்கணும். குப்பை லாரி திரும்பும்." திரும்பியது. எந்த நேரத்தில் எந்த வண்டி வரும் என்று பதினொரு வயதுப் பையன் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். எனக்கு வந்தது பயமா கோபமா, இன்றைக்கும் தெரியவில்லை.

போர்டு கூட்டத்தில் போய்ப் பேசினேன். ஆளுக்கு மூன்று நிமிடம். நான் வளைவுக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. வாசலில் வெள்ளைத் தலையோடு ஓர் அம்மா என்னை நிறுத்தினார். முப்பது வருடம் ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "இந்தப் பக்கம் நின்று பேசினால் மணி அடிப்பார்கள். நீ அந்தப் பக்கம் போய் உட்கார்" என்றார். முதல் நன்றி அவருக்கு. தேர்தல் என்றால் பணமும் கட்சியும் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டாளராகப் பதிந்து, அந்தப் பள்ளி மாவட்டத்தில் ஒரு வருடம் குடியிருந்தால் போதும். 2023 விதிப்படி பத்து ஓட்டாளர்களின் கையெழுத்து வாங்கி ஜூலைக் கடைசித் திங்கள் மாலை நான்கு மணிக்குள் கவுண்ட்டி கிளார்க் என்ற அதிகாரியிடம் கொடுத்தால் வேட்பாளர் என்று சொல்லிக் கொடுத்தவர் அவர். அப்புறம் பொருளாளராகவும் இருந்து, நான் வாங்கிய ஸ்டேப்ளர் முள்ளுக்குக்கூட ரசீது கேட்டார்.

பத்துக் கையெழுத்து என்ன பெரிய விஷயம் என்று தெருவில் இறங்கினேன். அங்கேதான் புரிந்தது. எங்கள் தெருவில் தமிழ்க் குடும்பம் மட்டும் பதினொன்று. அதில் ஓட்டு உள்ளவர்கள் மூன்று வீட்டில்தான். மற்றவர்கள் எச்1பி என்ற வேலை விசா, இல்லையென்றால் கிரீன் கார்டு என்ற நிரந்தரக் குடியிருப்பு அனுமதி. பிள்ளைகள் இதே பள்ளியில்தான் படிக்கிறார்கள். வீட்டு வரி கட்டுகிறார்கள். அதில் ஏறக்குறைய பாதி பள்ளிக்கூடங்களுக்குத்தான் போகிறது. ஆனால் அந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று முடிவு செய்கிறவர்களைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு வழியில்லை. சட்டம் அது, புலம்பிப் பயனில்லை. எனக்காக அதிகம் அலைந்தவர்கள் அவர்கள்தான் என்பதைத்தான் இங்கே எழுதி வைக்க நினைக்கிறேன்.

ஒரு தம்பி ஐம்பது டாலருக்குக் காசோலை கொண்டுவந்து கொடுத்தார். எச்1பி விசாவில் இருப்பவர். கிரீன் கார்டோ குடியுரிமையோ இல்லாதவர் எந்தத் தேர்தலுக்கும் பணம் தரக்கூடாது, அது ஸ்கூல் போர்டாக இருந்தாலும். பொருளாளர் அம்மா பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார். திருப்பிக் கொடுக்க அவர் வீட்டுக் கதவைத் தட்டியபோது எனக்குக் கை கூசியது. வாங்கி இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரிக்கா, சம்பளம் வாங்காம வேலை செய்யலாம்ல?" என்று கேட்டார். செய்யலாம். ஐந்து சனிக்கிழமை வந்தார். வீட்டு வாசல்களில் நட்ட விளம்பரப் பலகைகளான யார்டு சைன்களின் கம்பிக்கால் பாதியும் அவர் கையால் மண்ணில் இறங்கியவை. தம்பி, அந்த ஐம்பது டாலரைவிட அது எத்தனையோ மடங்கு.

வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகிக்கும் ஒரு நன்றி, அதோடு ஒரு மன்னிப்பு. அங்கே வாசலில் துண்டறிக்கை கொடுக்க நின்ற என்னை, வேண்டாம் என்று நாகரிகமாக அனுப்பி வைத்தார். நம்ம ஆளே இப்படிச் செய்கிறாரே என்று அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். வரிவிலக்கு பெற்ற அறநிறுவனம் எந்த வேட்பாளருக்கும் ஆதரவாக நிற்கக்கூடாது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஐயா, நீங்கள் செய்ததுதான் சரி.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. ஊரிலிருந்து ஆறு மாதம் வந்திருந்தார். முதல் கேள்வி, "உன் சின்னம் என்ன?" இதில் சின்னமும் இல்லை கட்சியும் இல்லை என்றேன். "சின்னம் இல்லாம எவன்மா ஓட்டுப் போடுவான்?" என்று உண்மையிலேயே கவலைப்பட்டார். ஒரு நாள் நான் வேலைக்குப் போனதும் துண்டறிக்கைக் கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பி, இரண்டு தெருவில் ஒரு வீடு விடாமல் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டார். இங்கே தபால் பெட்டிக்குள் தபால்தலை ஒட்டாத எதையும் போடக்கூடாது, அது தபால் துறைக்கே உரியது. ஒரு வீட்டுக்காரர் போன் செய்து சொன்னார். அவருக்கும் நன்றி, புகார் எழுதிப் போட்டிருக்கலாம், செய்யவில்லை. அன்று சாயங்காலம் நானும் அப்பாவும் அந்த இரண்டு தெருவிலும் வீடு வீடாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனோம். பஸ் கதையை நின்று கேட்டவர்கள் அன்றைக்குத்தான் அதிகம்.

வாக்குச்சீட்டில் சட்டமன்றக்காரர்களைத் தாண்டி ஓரத்தில் கிடக்கும் எங்கள் பெயர்களைத் தேடிப் பிடித்துக் குத்திய ஒவ்வொருவருக்கும் நன்றி. மொழிபெயர்த்துக் கொடுத்த குஜராத்தி ஆன்ட்டிக்கும், படம் எடுத்த பக்கத்து வீட்டுப் பையனுக்கும், ராத்திரி பத்து மணிக்குமேல் போன் பேசிய என்னைப் பொறுத்துக்கொண்ட கணவருக்கும்.

தோற்றது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். எண்ணிக்கை வந்த ராத்திரி மகன், "அப்ப நாளைக்கும் நடந்துதானா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனான். புதிய உறுப்பினர்கள் ஜனவரி முதல் வாரம் உறுதிமொழி எடுக்கிறார்கள். அதில் ஒருவர், அந்த வளைவை நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். காலை ஏழு இருபதுக்கு வாருங்கள், குப்பை லாரி வரும் நேரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்திலும் மூன்று நிமிடம் கேட்கப் போகிறேன். இந்தத் தடவை வளைவிலிருந்தே ஆரம்பிப்பேன்.

பின்குறிப்பு: யார்டு சைன் இன்னும் நான்கு கணக்கில் வரவில்லை. உங்கள் பக்கம் கிடந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன். எங்கள் கராஜில் மரக்கைப்பிடி போட்ட சுத்தியல் ஒன்றும், மூடி இல்லாத பெரிய பிளாஸ்க் ஒன்றும் இருக்கின்றன. எங்களுடையவை அல்ல. யாருடையது என்று பார்த்து வாங்கிக்கொண்டு போங்கள்.