விழுந்த ஃப்ரேமை விழுந்தது என்று சொல்லி விற்போம்

மதுரை சைக்கிள் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு காலைகளில் அழகர்கோவில் சாலையிலும் நாகமலைப் பக்கமும் உங்களோடு மிதிப்பவன் நான். கேட்பது ஒன்றுதான்: அடிபட்ட கார்பன் ஃப்ரேமை (சைக்கிளின் சட்டகத்தை) அதைச் சொல்லாமல் கைமாற்றாதீர்கள்.

போன ஆண்டு நம் வட்டத்திலேயே ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் ஒரு ஃப்ரேம் வாங்கினேன். பெயின்ட்டில் கீறல்கூட இல்லை. மூன்றாம் மாதம், நத்தம் சாலையில் ஒரு வேகத்தடையில் இறங்கும்போது மேல் குழாய் முறிந்தது. ஆறு வாரம் கையைத் தூக்க முடியவில்லை. விசாரித்தபோதுதான், வண்டி ஒருமுறை சாய்ந்து ஹேண்டில்பார் அதே இடத்தில் மோதியது தெரிந்தது. அவர் ஏமாற்றவில்லை. வெளியே ஒன்றும் தெரியாததால் உள்ளேயும் ஒன்றுமில்லை என்று நம்பிவிட்டார்.

அலுமினியம் அடிபட்டால் நசுங்கும், கண்ணுக்குத் தெரியும். கார்பன் ஃபைபர் என்பது இழைகளை அடுக்கடுக்காக எபாக்ஸிப் பிசினில் ஒட்டிய பொருள். அடி விழுந்ததும் மேல்தோல் பழைய வடிவுக்கே மீண்டுவிடும். உள்ளே பிசின் விரிசல்விட்டு அடுக்குகள் பிரிந்து கிடக்கும். உட்புறம் போகப் போகச் சேதம் அகலமாகும். குழாயின் உட்புறத்தை யார் பார்க்கிறோம்? இழுத்தால் ஓரளவு தாங்கும். அமுக்கும்போதுதான் பிரிந்த மெல்லிய அடுக்குகள் ஒவ்வொன்றாக மடங்கி முறியும்.

“டஃபன்டு கார்பன், ஒன்றும் ஆகாது” என்கிறார்கள். பிசினில் ரப்பர் அல்லது தெர்மோபிளாஸ்டிக் துகள் கலந்து விரிசல் ஓடாமல் மட்டுப்படுத்துவதற்குத்தான் அந்தப் பெயர். நல்ல முறைதான்; அதே அடிக்குப் பிரியும் பரப்பு குறையும். ஆனால் அடுக்கு பிரியவே பிரியாது என்பதில்லை. விமானத் துறையில் அந்தப் பொருளையும் அடித்துத்தான் பார்க்கிறார்கள்: தகட்டின்மேல் 16 மி.மீ. உருண்டை முனையுள்ள எடையை, தடிமனில் ஒரு மில்லிமீட்டருக்கு 6.7 ஜூல் (ஜூல் என்பது ஆற்றலின் அலகு) வீதம் போட்டு, பிறகு அமுக்கி, மிச்சமிருக்கும் பலத்தை அளக்கிறார்கள். அரைக் கிலோ ஸ்பேனர் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே ஏறக்குறைய 10 ஜூல்!

மானாமதுரையில் கடம் வாங்குபவர் தட்டிப் பார்க்காமல் வாங்குவாரா? ஃப்ரேமையும் நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். மூட்டுகளில் சுவர் தடிப்பதால் ஒலி மாறும், அதைச் சேதமென்று எண்ண வேண்டாம். சிறிய பிரிவு இதில் சிக்காது. அதற்கு, காதுக்கு எட்டாத ஒலி அலைகளை உள்ளே செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனைதான் வேண்டும்.

விற்பனைக்கு என்று குழுவில் படம் போடும்போது, எப்போது விழுந்தது, எங்கே அடிபட்டது என்று ஒரு வரி சேர்ப்பதைக் கட்டாயமாக்குங்கள். அடுத்த ஞாயிறு, சவாரி முடிந்து டீக்கு நிற்கும்போது சந்தேகமுள்ள ஃப்ரேம்களைக் கொண்டுவாருங்கள். சேர்ந்து தட்டிப் பார்ப்போம்.

உங்களோடு மிதிக்கும்
ஒரு நண்பன்