ஸ்டீராய்டை விட்டால் கதியில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை மருத்துவ இணைப்பில், குடலில் தீராத அழற்சியையும் புண்ணையும் உண்டாக்கும் கிரோன் நோய் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். இந்த நோயின் பெயரைத் தமிழ் நாளிதழில் பார்ப்பதே அபூர்வம் என்பதால் ஆவலோடு உட்கார்ந்தேன். மூன்றாவது பத்தி வரைதான் அந்த ஆவல் தாங்கியது. "ஸ்டீராய்டை விட்டால் நவீன மருத்துவத்தில் இந்நோய்க்கு வேறு கதியில்லை" என்று தீர்ப்பு எழுதிவிட்டு, தங்கள் கட்டுரையாளர் மோருக்கும் மாதுளம் ஓட்டுக்கும் போய்விட்டார்.

என் மகளுக்கு இந்த நோய் இருக்கிறது. அவள் ஸ்டீராய்டு மாத்திரையைக் கண்ணால் பார்த்தே பல வருடங்கள் ஆகின்றன. தங்கள் பத்திரிகையின் கணக்கில் அவள் கதியற்றவள். அந்தக் கதியற்றவள் இன்று காலையும் பஸ் பிடித்து வேலைக்குப் போயிருக்கிறாள் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் மருத்துவன் அல்ல. கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு தொகை எழுதியிருந்தால் அதற்கு வவுச்சர் எங்கே என்று தேடுவது ஊறிப்போன பழக்கம். மகளின் நோயும் அப்படித்தான் என்னைப் படிக்க வைத்தது. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற மூவர் இந்த நோய் கண்ட 14 பேரைப் பற்றி எழுதியது 1932இல். அழற்சியை வேகமாக அடக்கும் ஸ்டீராய்டு, எரிகிற கூரைமேல் ஊற்றும் முதல் குடம் தண்ணீர். தீ அடங்கும், ஆனால் மறுபடி பற்றாமல் அது காக்காது. இதை அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 1979இலேயே சொல்லிவிட்டது. கட்டுரையாளர் அந்த வருடத்தைக்கூட எட்டவில்லை.

1997இல் 108 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு ஒன்றில் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்தை ஒரே ஒரு முறை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். அழற்சியைக் கிளப்பிவிடும் டி.என்.எஃப். என்ற புரதத்தை மடக்கும் மருந்து அது. எடைக்கு ஏற்ப மூன்று அளவுகளில் கொடுத்துப் பார்த்ததில், மிகக் குறைந்த அளவைப் பெற்றவர்களில் 81 சதவீதம் பேருக்கு நான்கு வாரத்தில் முன்னேற்றம் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத வெற்று மருந்து பெற்றவர்களில் 17 சதவீதம். 1998 ஆகஸ்டில் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி அளித்தது. அதற்குப் பிறகு வந்த மருந்துகளை வரிசையாக எழுதினால் தாங்கள் இந்தக் கடிதத்தையும் வெட்டிவிடுவீர்கள்.

'இதையும்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையக் கழிப்பறை பூட்டியே கிடப்பதைப் பற்றி முன்பு ஒரு கடிதம் எழுதினேன். இந்த நோய் உள்ளவர்கள் பஸ் ஏறும் முன் ஊர் ஊராகக் கழிப்பறைக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது, நகராட்சி சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது என்று கேட்டிருந்தேன். தாங்கள் நோயையும் நீக்கி, சாவியையும் நீக்கி, 'சுகாதாரம் பேணப்படுமா?' என்ற தலைப்பில் நான்கு வரி போட்டீர்கள். அந்த நான்கு வரிக்கும் நன்றி. பூட்டு அப்படியே இருக்கிறது.

அது போகட்டும். கட்டுரைக்குக் கீழேயே, அதே பக்கத்தில், கால்பக்க விளம்பரம் ஒன்று இருந்ததைத் தாங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. 'மூலம், பௌத்திரம் – அறுவை இல்லை, ரத்தம் இல்லை, ஒரே நாளில் நிரந்தர குணம்.' என் மகளுக்கு முதலில் வந்ததே பௌத்திரம்தான். ஆசனவாய்க்குப் பக்கத்தில் கட்டி உடைந்து, உள்ளிருந்து தோல் வரை துளை விழுந்து, சீழ் வடிந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தங்கள் பத்திரிகையிலிருந்தே இதுபோன்ற ஒரு விளம்பரத்தைக் கத்தரித்துக்கொண்டு வந்து கொடுத்தார். போனோம். அங்கே இருந்தவர் ஏதோ ஒரு மருந்தை வைத்துக் கட்டினார், பணம் வாங்கினார். வயிறு வலிக்கிறதா, எடை குறைகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்லூரியில் படிக்கும் பெண், பள்ளி கடைசி வருடத்தில் தைத்த சுடிதாரை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு எதிரே நிற்கிறாள். கண்ணிருந்தால் போதும், கேள்விகூட வேண்டாம்.

கிரோன் நோயாளிகளில் கணிசமானவர்களுக்குப் பௌத்திரம் வரும் என்பதும், அது குடல் நோயின் ஒரு முகம் என்பதும் அரைப்பக்கக் கட்டுரையில் ஓரிடத்திலாவது வந்திருக்க வேண்டாமா? 1999இல் இதற்கென்றே தனியாக ஓர் ஆய்வு வந்தது. 94 பேர். இன்ஃப்ளிக்ஸிமாப் சரியான அளவில் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு எல்லாத் துளைகளும் மூடின; வெற்று மருந்தில் 13 சதவீதம். எல்லோருக்கும் மூடவில்லை, மூடியவை மறுபடி திறப்பதும் உண்டு. ஆராய்ச்சி இப்படித்தான் பேசும். நிரந்தர குணம் என்பதை விளம்பரம்தான் பேசும். என் மகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, சீழ் தேங்காமல் வடிய மெல்லிய நூல் வளையம் ஒன்றைத் துளை வழியே கோத்துவிட்டு, பிறகுதான் மருந்து ஏற்றினார்கள்.

அதற்கு முன் அவள் காசநோய் மாத்திரை முழுக் கோர்ஸும் சாப்பிட்டாள். இங்கே இன்னொரு பழைய கணக்கையும் தீர்த்துவிடுகிறேன். 'கிரோன் நோய்க்குக் காசநோய் மருந்து: டாக்டர்கள் அலட்சியம்' என்று தாங்கள் ஒரு செய்தி போட்டது நினைவிருக்கும். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் புண், பயாப்ஸிக்கு எடுத்த சதைத் துணுக்கில் கிரானுலோமா என்ற அழற்சி முடிச்சு, காய்ச்சல், எடைக் குறைவு என எல்லாமே இரண்டு நோய்க்கும் பொது. கிரானுலோமாவின் அளவையும் அமைப்பையும் வைத்து இவற்றைப் பிரித்தறிய முடியுமா என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஆராய்ந்து 1999இல் வெளியிட்டிருக்கிறார்கள். காசநோய் இருப்பவருக்கு, நோயெதிர்ப்பைத் தணிக்கும் கிரோன் மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? இன்ஃப்ளிக்ஸிமாப் எடுத்தவர்களில் காசநோய் கிளம்பிய 70 பேரைப் பற்றி 2001இல் அமெரிக்காவிலிருந்து அறிக்கை வந்தது. அதனால்தான் சந்தேகம் தீராதபோது முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்து, மறுபடி குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்து, புண் ஆறியதா என்று பார்க்கிறார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து என் மனைவி அழுத அழுகை எனக்குத் தெரியும். அந்த மாதங்களில் கிரோன் நோய் சும்மா இருக்காது, குடல் சுருங்கிக்கொண்டே போகும் என்பதும் தெரியும். ஆனாலும் அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் அலட்சியமாக இருக்கவில்லை, மாட்டிக்கொண்டிருந்தார். காசநோய் அருகிப்போன நாடுகளில் இந்தச் சிக்கல் இவ்வளவு பெரிதில்லை. நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி இது. அதற்குத் தங்கள் இணைப்பில் இடமில்லை. மாதுளம் ஓட்டுக்கு இருக்கிறது.

உணவை நான் கேலி செய்வதாக எண்ண வேண்டாம். குழந்தைகளுக்கு ஸ்டீராய்டுக்குப் பதிலாகவே ஆறு முதல் எட்டு வாரம் வேறு எதுவும் தராமல் திரவச் சத்துணவை மட்டும் கொடுத்துக் குடல் அழற்சியை அடக்குகிறார்கள். முறையான ஆய்வுகளில் நின்ற சிகிச்சை அது. கட்டுரையாளர் உணவைப் பற்றித்தான் எழுத விரும்பினார் என்றால் எழுதியிருக்கலாமே!

இன்னும் ஒன்று. 2024இல் பிரிட்டனிலிருந்து புரொஃபைல் என்ற ஆய்வின் முடிவு வந்தது. புதிதாக நோய் கண்டறியப்பட்ட 386 பேர். அனைவருக்கும் முதலில் ஸ்டீராய்டு கொடுத்துக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். பாதிப் பேருக்குத் தொடக்கத்திலேயே இன்ஃப்ளிக்ஸிமாபும் நோயெதிர்ப்பைத் தணிக்கும் மாத்திரையும். மீதிப் பேருக்கு நோய் மறுபடி தலைதூக்கும்போதெல்லாம் ஒவ்வொரு படியாக. யாருக்கு எது பொருந்தும் என்று ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லுமா என்று பார்ப்பதே நோக்கம், அது பலிக்கவில்லை. ஆனால் 48 வாரம் முடிவில், ஸ்டீராய்டும் அறுவைச் சிகிச்சையும் இல்லாமல் நோய் அடங்கியே இருந்தவர்கள் முதல் பிரிவில் 79 சதவீதம், இரண்டாவதில் 15. இந்த இடைவெளியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் என் மகளுக்கு அந்த மருந்து கடைசிப் படியில்தான் கிடைத்தது. அதற்குள் குடலில் ஒரு துண்டு போய்விட்டது.

பிரிட்டனில் செய்ததை இங்கே அப்படியே செய்ய வேண்டும் என்று நான் வாதாடவில்லை. காசநோய் ஒரு தடை, விலை இன்னொரு தடை. 2014 டிசம்பரில், இன்ஃப்ளிக்ஸிமாபைப் போலவே டி.என்.எஃப்.ஐ மடக்கும் அடலிமுமாப் என்ற மருந்தின் நகலான ஒத்த மருந்து உலகிலேயே முதலாவதாக இந்தியாவில்தான் விற்பனைக்கு வந்தது. அப்படியும் ஒரு நடுத்தரக் குடும்பம் வருடக் கணக்கில் தாங்கும் விலை அல்ல. காப்பீட்டு அலுவலகத்தில் ஒருவர் என் மகளின் கோப்பைப் புரட்டிவிட்டு, "இது வெறும் வயிற்றுப்போக்குதானே சார்" என்றார். அவர் எந்தப் பத்திரிகை படிக்கிறார் என்று நான் கேட்கவில்லை. கிரோன் நோய்க்கு முழுக் குணம் இன்றும் இல்லை. சிகிச்சை இருக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பினால், நாளைக்கு ஒரு தகப்பன் தங்கள் இணைப்பை மடித்து வைத்துக்கொண்டு, டாக்டர் எழுதிய ஊசி வேண்டாம் என்று எழுந்து வருவான்.

நான் கேட்பது பெரிதில்லை. அந்த ஒரு வாக்கியம் தவறு என்று, அதே இணைப்பில், அதே பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தில் திருத்தம் வெளியிடுங்கள். ஏழாம் பக்கத்தின் அடியில் 'வருந்துகிறோம்' என்று போடும் வழக்கம் தங்களுக்கு உண்டு, அங்கே வேண்டாம். பௌத்திர விளம்பரத்தை நிறுத்தச் சொல்லும் அளவுக்கு நான் அப்பாவி அல்ல. அதை மருத்துவப் பக்கத்திலிருந்து விளையாட்டுப் பக்கத்துக்காவது மாற்றலாம்.

பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அச்சிட வேண்டாம், மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
கோவில்பட்டி