சுவர் முழுக்க வொய்வொட்: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மொன்றியல் நண்பர்களுக்கும், பனிக்குள் கார் ஓட்டிக்கொண்டு ரொறன்ரோவில் இருந்து வந்தவர்களுக்கும் வணக்கம்.

கடந்த சனிக்கிழமை ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் கியூபெக்கின் மெற்றல் (கனமான, வேகமான ரொக் இசை) குழுவான வொய்வொட்டின் அல்பங்களைக் காலையிலிருந்து இரவுவரை வரிசையாகப் போட்டுக் கேட்டோம். அவற்றின் அட்டைப்படங்களைச் சுவர் முழுக்க மாட்டி வைத்தோம். நிகழ்ச்சி அவ்வளவுதான். பேச்சாளர் இல்லை, பொன்னாடை இல்லை, குத்துவிளக்கும் இல்லை. ஆனாலும் கதிரை போதாமல் போய்விட்டது. இதற்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல். பாதிப்பேர் பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எவருடைய பெயரையும் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும்.

முதலில், இசைத்தட்டுகளை இரவல் தந்தவர்கள். 1984இல் வந்த முதல் அல்பம் ‘வோர் அன்ட் பெய்ன்’ தந்த அண்ணை, பிளாஸ்ரிக் உறையை விட்டு வெளியே எடுக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் கையில் தந்தார். மத்தியானத்துக்குள் அவரே அதை எடுத்து, வந்தவர் போனவருக்கெல்லாம் பின்னட்டையையும் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டு நின்றார். அண்ணை, அந்த மனதுக்கு நன்றி. 1993இன் ‘தி அவுற்றர் லிமிற்ஸ்’ அல்பத்தோடு வந்த சிவப்பு–நீலக் கண்ணாடியை இத்தனை வருடமாகக் கசங்காமல் வைத்திருந்த தம்பிக்கும் நன்றி. அந்த ஒரு கடதாசிக் கண்ணாடிக்காகச் சிறுவர்கள் வரிசையில் நின்றதைப் பார்த்தபோது, படங்கள் சின்னச் சதுரமாகப் போனுக்குள் ஒடுங்கிவிட்ட இந்தக் காலத்திலும் ஓர் அட்டை செய்யக்கூடிய வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது என்று தோன்றியது.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். சனிக்கிழமை வந்தவர்களில் பலர் இசைக்காக அல்ல, படங்களுக்காகத்தான் வந்தார்கள். வொய்வொட்டின் ட்ரம்ஸ் கலைஞர் மிஷெல் லாஞ்ஜவான். குழுவில் அவருக்கு ‘அவே’ என்று பெயர். அல்ப அட்டைகளை வரைவதும் அவர்தான். வேறு குழுக்கள் ஓவியரைத் தேடிப்போய் ஒப்பந்தம் செய்யும். இங்கே தாளம் போடுகிற கைதான் தூரிகையையும் பிடிக்கிறது. குழுவின் பெயரையே ஓர் உயிரினமாக்கினார் அவே. அணுப்போருக்குப் பின்னால் எஞ்சிய பாழ்நிலத்தில் அலைகிற, பாதி பேயும் பாதி இயந்திரமுமான ஓர் உருவம். முதல் இரண்டு அல்பங்களில் அது நிலத்தில் சண்டை பிடிக்கிறது. 1987இல் ‘கில்லிங் ரெக்னோலஜி’யில் விண்வெளிக்குப் போகிறது. அடுத்த வருடம் ‘டிமென்ஷன் ஹற்றொஸ்’ அல்பத்தில் துகள்களை மோதவைத்து ஒரு குட்டி உலகத்தையே உண்டாக்கி அதற்குள் நுழைகிறது. 1989இன் ‘நதிங்பேஸ்’ அல்பத்தில் தன் மனதுக்குள்ளேயே இறங்குகிறது. இந்தக் கதையைத் தட்டுகளின் வரிசைப்படி சுவரில் ஓடவிட்டவர் எங்கள் குழுவின் கட்டடக்கலை மாணவி. ஒவ்வொரு அட்டைக்கும் கீழே ஒரு வரி மட்டும், பிரெஞ்சிலும் தமிழிலும். அவர் இல்லாவிட்டால் நாங்கள் எல்லாவற்றையும் அகரவரிசையில் மாட்டியிருப்போம். தங்கச்சி, உனக்கு ஒரு பெரிய நன்றி.

கியூபெக்கின் சகெனே பக்கத்தில் இருந்து வந்து இங்கே தாதியாக வேலைசெய்யும் அக்கா ஒருவர், அழையாமலே வந்து நாள் முழுக்க நின்றார். குழு 1982இல் தொடங்கிய ஜொங்கியேர்தான் அவருடைய ஊரும். ஆர்விடா அலுமினிய உருக்காலையின் நிழலில் வளர்ந்த ஊர் அது. அவருடைய அப்பாவும் அங்கேதான் வேலைசெய்தாராம். குளிர்காலத்தில் அந்தப் புகையும் வெளிச்சமும் எப்படி இருக்கும் என்று அவர் விவரித்ததைக் கேட்ட பிறகு, சுவரில் தொங்கிய அந்த இயந்திர நிலங்கள் வெறும் விண்வெளிக் கற்பனையாகத் தெரியவில்லை. பனிப்போர்க் காலம், அணுகுண்டுப் பயம், வீட்டு வாசலில் ஓர் உருக்காலை. பதின்ம வயதில் கையில் பென்சில் உள்ள ஒருவனுக்கு வேறு என்ன வரையத் தோன்றும்? எங்களில் சிலருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. குண்டுச் சத்தத்துக்குள் வளர்ந்த ஒரு மாமா ‘வோர் அன்ட் பெய்ன்’ அட்டைக்கு முன்னால் கனநேரம் நின்றுவிட்டு, “இவன் கீறினது சரி” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி எடுக்கப் போனார். மாமா, அந்த ஒரு வரிக்கு நன்றி.

மிருதங்கம் வாசிக்கும் தம்பிக்கு அடுத்த நன்றி. மெற்றல் என்றாலே காதைப் பொத்துகிறவன். நண்பன் இழுத்துக்கொண்டு வந்தான் என்று முகத்தைச் சுளித்தபடிதான் உட்கார்ந்தான். ‘டிமென்ஷன் ஹற்றொஸ்’ போட்டதும் அவனுடைய விரல்கள் தொடையில் எண்ணத் தொடங்கின. ஒரே பாட்டுக்குள் கணக்கு மாறிக்கொண்டே போகும்போது, எந்த இடத்தில் திரும்பிச் சமத்துக்கு, அதாவது தாளத்தின் தொடக்கத்துக்கு, வருகிறார்கள் என்பதைக் கையைத் தட்டிக் காட்டினான். சுற்றியிருந்தவர்கள் அவனோடு சேர்ந்து தட்டப்போய் தடுமாறிச் சிரித்தார்கள். இப்படிக் கணக்கு மாறி மாறிப் போகிற புரோகிரெசிவ் மெற்றல் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதினாலும் அந்தக் கால்மணித்தியாலத்துக்கு ஈடாகாது. அவன் இன்னமும் ரசிகன் ஆகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பாடகர் ஸ்னேக்கின் குரல் தனக்கு ஒத்துவராது என்கிறான். பரவாயில்லை.

பிங்க் ஃபுளொய்ட் பிரியரான ஒரு ஐயாவும் வந்திருந்தார். ‘நதிங்பேஸ்’ அல்பத்தில் அந்தக் குழுவின் ‘அஸ்ரொனொமி டொமினி’யை வொய்வொட் திரும்ப வாசித்திருக்கிறது. அதை மட்டும் கேட்டுவிட்டுப் போவதாகச் சொன்னவர், கடைசித் தட்டு முடியும்வரை இருந்தார்.

இனி பிகி. கிற்றார் கலைஞர் டெனி டமூரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வழக்கமான மெற்றல் கிற்றார் இரண்டு சுரங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடும். பிகி அந்த இடத்தில் ஒன்றோடொன்று உரசுகிற சுரங்களை வைப்பார். காது “இது பிழையோ?” என்று திடுக்கிடும், அடுத்த அடியில் அதுவே சரியாகிவிடும். கிங் கிரிம்சன், ரஷ் என்ற ரொக் குழுக்களைக் கேட்டு வளர்ந்தவர். ஆனால் அந்த இரண்டு குழுக்களையும் போல அவர் வாசித்ததில்லை. 2005 ஓகஸ்ட் 26 அன்று குடல் புற்றுநோயால் இறந்தார். வயது 45. மரணப்படுக்கையில் இருந்தபோது, தன் மடிக்கணினியில் பதிந்து வைத்திருந்த கிற்றார்ப் பகுதிகளை எப்படி எடுப்பது என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போனார். அவற்றைச் சுற்றி ட்ரம்சும் பாஸும் குரலும் சேர்த்துத்தான் ‘கற்றோர்ஸ்’ 2006இலும் ‘இன்ஃபினி’ 2009இலும் வந்தன. இந்த இரண்டையும் போட்டபோது மண்டபத்தில் கதைபேச்சு குறைந்துவிட்டது. ஒலிப்பதிவின் தரத்தைப் பற்றி முறைப்பாடு சொல்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அந்த விவாதத்தில் ஈடுபாடில்லை. அந்தக் கோப்புகளைத் திறந்து வேலையை முடித்த மூன்று பேருக்கும், அதாவது அவே, ஸ்னேக், ஜேசன் நியூஸ்ரெட், நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

நியூஸ்ரெட்டைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. மெற்றலிகா என்ற பெரிய மெற்றல் குழுவில் பாஸ் வாசித்து உலகம் சுற்றிய மனிதர். அதைவிட்டு வந்தபிறகு, தான் நெடுங்காலமாக ரசித்த ஒரு கியூபெக் குழுவில் சேர்ந்து வாசித்தார். நிர்வானா என்ற ரொக் குழுவின் டேவ் குரோலும் வொய்வொட்டின் ரசிகர்தான். 2004இல் தன்னுடைய ‘புரோபொட்’ அல்பத்தின் ஓவியத்தை அவேயிடமும் ஒரு பாட்டை ஸ்னேக்கிடமும் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலே சூயி. டான் மொங்ரேன் என்ற இந்தக் கியூபெக்காரர் சின்ன வயதிலிருந்தே பிகியின் ரசிகர். மார்ற்றீர் என்ற தன் குழுவோடு வொய்வொட்டின் பாட்டொன்றைப் பதிவும் செய்திருந்தார். 2008இல் இங்கே மொன்றியலில், பிகி நின்ற இடத்தில் கிற்றாரோடு ஏறி நின்றவர் அவர்தான். ரசிகன் ஒருவன் உள்ளே போய்க் குழுவைத் தோளில் தூக்கிய கதை இது. 2013இன் ‘ராகெற் ஏர்த்’ வொய்வொட்டுக்காக அவர் எழுதிய முதல் அல்பம். என் வாக்கு 2018இன் ‘தி வேக்’ அல்பத்துக்கு. அதன் கடைசிப் பாட்டில் வயலின்களும் செல்லோவும் சேர்ந்துகொள்ளும். அந்த அல்பத்துக்கு 2019இல் கனடாவின் ஜூனோ இசை விருது கிடைத்தது. 2025 ஜனவரியில் மொன்றியல் சிம்பொனி இசைக்குழுவோடும் மேடையேறினார்கள். ஜொங்கியேரில் வீட்டுக்காரரின் திட்டைக் கேட்டுக்கொண்டு பயிற்சி எடுத்திருக்கக்கூடிய நாலு பெடியங்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் சந்தோசமும் ஒன்றாக வருகிறது.

இந்த அடிப்படையில்தான் சனிக்கிழமைக் கூட்டத்தையும் பார்க்கிறேன். வொய்வொட் பெரிய வானொலிகளால் வளர்ந்த குழு அல்ல. ஒருவர் இன்னொருவருக்குக் கசெற் போட்டுக் கொடுத்து, அட்டையைக் காட்டி, “இதைப் பார், பிறகு கேள்” என்று சொல்லித்தான் இங்குவரை வந்திருக்கிறது. எனக்கு அதைச் செய்தது கூடப்படித்த ஒரு நண்பன். அவனும் அன்று வந்திருந்தான், தலைமயிர் மட்டும் போய்விட்டது.

மற்ற நன்றிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மெற்றல் என்று கேட்டதும் வேறோர் இடத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள். மண்டபத்தைத் தந்த பாதிரியாரோ, பிசாசுப் படங்களா என்று ஒரு தடவை மட்டும் கேட்டுவிட்டு, பார்த்துவிட்டு, “நன்றாக வரைந்திருக்கிறார்” என்று சொல்லித் திறப்பைக் கையில் தந்தார். ஒலிபெருக்கிகளைத் தந்து, வயர் இழுத்து, இரவு பதினொன்றுக்குத் தனியாகச் சுருட்டி ஏற்றிய அண்ணைக்கு நன்றி. ரோல்சும் கடலை வடையும் செய்து அனுப்பிய மாமிமாருக்கு நன்றி. மேல்மாடியில் இருந்த முதியோர் பிங்கோ குழு சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவர்களுக்கு இரண்டு நன்றி. அம்மா, நீங்கள் “இந்தச் சத்தத்துக்குள் எப்படி இருக்கிறாய்?” என்று கேட்டாலும், ‘ஏஞ்சல் ராற்’ அட்டையைப் போனில் படம் எடுத்ததை நான் பார்த்தேன்.

வொய்வொட் குழுவினருக்கும் இந்த மடலின் பிரெஞ்சு வடிவம் போகிறது. அவே, உங்கள் படங்களுக்கு நன்றி. ஸ்னேக், சூயி, இப்போது பாஸ் வாசிக்கும் ரொக்கி, உங்கள் எல்லோருக்கும் நன்றி. எங்கள் சுவருக்கு நீங்கள் கட்டணம் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறோம். கேட்டால் ரோல்ஸ் அனுப்புவோம்.

கடைசியாகச் சில விபரங்கள். இரவல் தட்டுகள் எல்லாம் என் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. இந்த ஞாயிறு பின்னேரம் வந்து எடுத்துக்கொள்ளலாம், தூரத்தில் உள்ளவர்களுக்கு நானே கொண்டுவருவேன். சேர்ந்த காசில் மண்டபச் செலவு போக மிஞ்சியதை, எல்லோரும் கேட்டுக்கொண்டபடி, புற்றுநோயாளர்களுக்கு உதவும் ஒரு நிதிக்குக் கொடுத்தாயிற்று, பற்றுச்சீட்டு என்னிடம் இருக்கிறது. ஒரு சாம்பல் நிறக் கம்பளித் தொப்பியும் இடதுகைக் கையுறை ஒன்றும் மண்டபத்தில் கிடந்தன. உரியவர்கள் தட்டு எடுக்க வரும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தவன்