மணவிதானத்துக்கு முன் ஒரு கையெழுத்து: யூதத் திருமணங்களை நடத்திவைக்கும் ரபிமார்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரபிமார்களுக்கும் ஜெபாலய நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மணமுறிவு நேர்ந்தால் பேத் தின் எனப்படும் ரபிகளின் நீதிமன்றத்துக்கு வருவேன், பிரிந்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் இன்ன தொகை ஜீவனாம்சம் தருவேன் என்று முன்கூட்டியே கையெழுத்திடாத எந்த மணமகனுக்கும் இனி நீங்கள் திருமணம் நடத்திவைக்க வேண்டாம். அமெரிக்க ரபிகள் பேரவை 2016-ல் தன் உறுப்பினர்களுக்கு இதை விதியாகவே ஆக்கிவிட்டது. அந்தப் பேரவைக்கு வெளியே இருக்கும் உங்களிடம்தான் இப்போது கேட்கிறோம்.

சிக்கல் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் நிர்வாகக் குழுக்களில் பலருக்கு அதன் முழு வடிவம் தெரிவதில்லை. உபாகமம் 24:1-ன்படி மணமுறிவுப் பத்திரமான தள்ளுதற்சீட்டைக் கணவன்தான் எழுதி மனைவியின் கையில் கொடுக்க வேண்டும். நடைமுறையில், கணவன் சொல்லி எழுத்தர் அதைப் பன்னிரண்டு வரிகளாகக் கையால் எழுதுகிறார். இரண்டு சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். சாட்சிகள் பார்த்திருக்க அவள் அதைக் கையில் வாங்குகிறாள். கணவன் மனமுவந்து கொடுக்காவிட்டால் சீட்டு செல்லாது. அரசு நீதிமன்றம் விவாகரத்து வழங்கிவிட்டாலும் யூத நெறிப்படி அவள் இன்னும் மணமானவளே. அந்த நிலையில் வேறொருவரோடு வாழ்ந்து பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளை மம்சேர், அதாவது தடைசெய்யப்பட்ட உறவில் பிறந்தது. சமூகத்துக்குள் மணம் செய்ய முடியாது, அந்தத் தடை அடுத்த தலைமுறைகளையும் தொடரும். கணவன் மணமாகாத ஒருத்தியோடு வாழ்ந்து பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளைக்கு இந்தக் களங்கம் கிடையாது.

மனைவியின் சம்மதம் இல்லாமல் தள்ளக்கூடாது என்று சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மைன்ஸ் நகரத்தின் ரபேனு கெர்ஷோம் தடை விதித்தார். அதனால் கணவனும் சில வேளை மாட்டிக்கொள்கிறான், உண்மைதான். ஆனால் மறுமணத்துக்கு நூறு ரபிகளின் அனுமதி என்ற ஒரு வாசல் அவனுக்கு இருக்கிறது. அவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வைத்தான் சிலர் விலையாக மாற்றுகிறார்கள்: வீட்டை எழுதிக் கொடு, பிள்ளைகளை விட்டுக் கொடு, ஜீவனாம்சம் வேண்டாம் என்று சொல், இல்லையேல் சீட்டு கிடைக்காது. இதைக் குடும்பச் சண்டை என்று ஒதுக்கிவிடாதீர்கள். தோராவின் பெயரால் நடக்கும் மிரட்டல் இது.

புதிய ஆவணம் எழுதுவது மரபை மீறுவது என்று சிலர் தயங்குகிறார்கள். மரபு தயங்கியதே இல்லை. தாவீதின் வீட்டார் நடத்திய போர்களுக்குப் புறப்பட்டவர்கள் மனைவிக்குத் தள்ளுதற்சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. திரும்பி வராவிட்டால் அவள் கட்டுண்டு கிடக்கக் கூடாது என்பதற்காக. தல்மூத்தின் அடிப்படை நூலான மிஷ்னாவில், கித்தீன் நூல் நான்காம் அதிகாரத்தைப் பாருங்கள். அனுப்பிய சீட்டைக் கணவன் வேறோர் ஊர் நீதிமன்றத்தில் இரகசியமாக ரத்து செய்யும் வழக்கத்தை மூத்த ரப்பான் கமலியேல் தடுத்தார், உலகம் சீர்பட வேண்டும் என்று காரணம் சொல்லி. அதே அதிகாரத்தில், அதே காரணத்துக்காக, ஹில்லேல் கடன்களைக் காக்கும் புரோஸ்புல் என்ற ஆவணத்தை உருவாக்கினார். ஏழாம் ஆண்டில் கடன் தள்ளுபடியாகும் என்று பயந்து மக்கள் ஏழைகளுக்குக் கடன் கொடுப்பதையே நிறுத்தியிருந்தார்கள். சட்டத்தின் ஓட்டையைக் கெட்டிக்காரர்கள் பயன்படுத்தும்போது ஓர் ஆவணத்தால் அதை அடைப்பது ஞானியர் காட்டிய வழி.

இனி ஆவணத்துக்கு வருவோம். ‘அமெரிக்காவின் பேத் தின்’ (Beth Din of America) என்ற ரபி நீதிமன்றம் பயன்படுத்தும் படிவத்தை ரபி மொர்தகாய் வில்லிக் வடிவமைத்தார். அதில் இரண்டு பகுதிகள். இருவரும் பெயர் குறிப்பிட்ட ஒரு பேத் தினை நடுவராக ஏற்கிறார்கள். அது முதல் பகுதி. இரண்டாம் பகுதியில், சேர்ந்து வாழ்வது நின்றபின் நாளொன்றுக்கு 150 டாலர் மனைவிக்கு ஜீவனாம்சமாகத் தர கணவன் ஒப்புக்கொள்கிறான். விலைவாசிக்கேற்ப அந்தத் தொகை உயரும். மாதம் 4,500, ஆண்டுக்கு 54,750 டாலர். சீட்டு கைமாறிய அன்றே கடமை முடிகிறது. பேத் தின் அழைத்தும் மனைவி வராவிட்டாலோ, அதன் தீர்ப்பை அவள் மதிக்காவிட்டாலோ அவளது உரிமை போய்விடும்.

ஏன் ஜீவனாம்சம், ஏன் அபராதம் இல்லை? “சீட்டு தராவிட்டால் இவ்வளவு அபராதம்” என்று எழுதினால், அபராதத்துக்குப் பயந்து தரும் சீட்டு வற்புறுத்தலால் வந்தது என்ற ஐயம் எழும். சீட்டே செல்லாமல் போகக்கூடும். மனைவிக்கு உணவும் உடையும் தருவதோ யாத்திராகமம் 21:10 தொட்டே கணவன்மேல் இருக்கும் கடமை. மணவாழ்வு நெறிப்படி நீடிக்கும்வரை அந்தக் கடமையும் நீடிக்கிறது, அவ்வளவுதான். இங்கே ஒரு நுட்பம் உண்டு: மனைவியின் சம்பாத்தியம் தனக்கே என்று கோரும் பழைய உரிமையைக் கணவன் இதில் விட்டுக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் “அவள் சம்பாதித்ததைக் கழித்துக்கொள்” என்று வாதிடுவான். வீட்டிலேயே படிவம் எழுதும் ரபிகள் இந்த வரியைத்தான் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து சொந்தமாக எழுதாதீர்கள்.

அரசு நீதிமன்றங்கள் ஏற்குமா? 1983-ல் அவித்சூர் வழக்கில், பேத் தின் முன் வருவதாகக் கெத்துபா என்ற திருமணப் பத்திரத்தில் செய்த உறுதியைச் சாதாரண ஒப்பந்தம்போல் அமல்படுத்தலாம் என்று நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 4-க்கு 3 என்ற கணக்கில். 2012-ல் லைட் வழக்கில், ஜீவனாம்ச உடன்படிக்கையை அமல்படுத்துவது சமயத்தில் தலையிடுவதாகாது என்று கனெக்டிகட் மாநில நீதிமன்றம் சொன்னது. ஆனால் இந்த ஆதரவெல்லாம் ஒழுங்காகக் கையெழுத்தான ஆவணத்துக்குத்தான்.

பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். மணவிதானத்துக்குப் போகும் அவசரத்தில், பூச்செண்டை ஒரு கையில் பிடித்தபடி மணமகள் கையெழுத்திடுகிறாள். படிக்கவே நேரமில்லாமல் போட்ட கையெழுத்து என்று பிறகு வழக்கறிஞர் எளிதில் உடைத்துவிடுவார். நோட்டரி இல்லாமல் இரண்டு நண்பர்கள் சாட்சி போடுகிறார்கள். பேத் தினின் பெயரை எழுத வேண்டிய இடம் வெற்றாக விடப்படுகிறது. ஒரே பிரதி ரபியின் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ரபி ஊர் மாறியதும் அது தொலைந்துபோகிறது. எனவே முதல் சந்திப்பிலேயே படிவத்தைக் கையில் கொடுங்கள். இருவரும் தனித்தனி வழக்கறிஞரிடம் காட்டட்டும். திருமணத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு நோட்டரி முன் கையெழுத்தாகட்டும். கலிஃபோர்னியாவில் இறுதி வாசகம் கைக்கு வந்து ஏழு நாள் கழிந்த பிறகே திருமண முன்னொப்பந்தத்தில் கையெழுத்திட முடியும். உங்கள் மாநில, நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். கையெழுத்தான மூலப் பிரதிகள் மூன்று: அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, ஜெபாலயக் கோப்புக்கு ஒன்று. அவளுடைய பிரதி கணவன் வீட்டில் இருக்கக் கூடாது. பெற்றோர் வீடு நல்லது.

இந்த ஆவணத்தால் ஆகாததையும் மறைக்காமல் சொல்லுங்கள். காணாமற்போனவனையும் சித்தம் கலங்கியவனையும் இது தொடாது. கையில் காசில்லாதவனிடம் 150 டாலர் வெறும் எண். பெரும் பணக்காரனுக்கு அது சில்லறை. அதனால்தான் இஸ்ரேலில் வழங்கும் பரஸ்பர மரியாதை உடன்படிக்கை மாதம் 1,500 டாலர் அல்லது வருமானத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அதை வைத்தது. கணவன், மனைவி இருவரையும் அது சமமாகக் கட்டுகிறது. இஸ்ரேலில் குடியேறப்போகும் இணையருக்கு அதையே பரிந்துரையுங்கள். அங்கே 1953-ன் சட்டப்படி யூதர்களின் மணமும் மணமுறிவும் ரபி நீதிமன்றங்களின் கையில்.

“மணநாளில் முறிவைப் பேசுவதா?” என்ற ஆட்சேபம் எப்போதும் வரும். மணவிதானத்தின் கீழ் எல்லோர் காதிலும் விழ நீங்கள் வாசிக்கும் கெத்துபா என்ன சொல்கிறது? கணவன் இறந்தாலோ தள்ளிவிட்டாலோ அவளுக்குச் சேரவேண்டிய இருநூறு சூஸ் பணத்தைத்தான் அது சொல்கிறது. நம் முன்னோர் மணநாளிலேயே அதைப் பேசினார்கள், யாரும் முகம் சுளிக்கவில்லை.

“நல்ல குடும்பத்துப் பையன், அவனிடம் போய்க் கேட்பதா?” என்பது இன்னொன்று. ஒருவனிடம் மட்டும் கேட்டால் அவமானம். எல்லோரிடமும் கேட்டால் வழக்கம். சவ அடக்கத்தின் ஆடம்பரச் செலவுக்கு அஞ்சி ஏழைகள் பிணத்தைப் போட்டுவிட்டு ஓடிய காலத்தில், தன்னை எளிய வெள்ளைத் துணியில் அடக்கச் சொன்னார் ரப்பான் கமலியேல். அதன்பின் செல்வரும் வறியவரும் ஒரே துணிக்கு வந்தார்கள். உங்களுக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. நிர்வாகக் குழு செய்யவேண்டியது ஒரே ஒரு தீர்மானம்: நோட்டரி முத்திரையிட்ட உடன்படிக்கை அலுவலகத்துக்கு வராமல் மண்டபத் தேதி உறுதியாகாது. அப்போது எந்த ரபியும் தனியாக நின்று பிள்ளை வீட்டாரோடு வாதாட வேண்டியிருக்காது.

ஏற்கனவே மணமானவர்களுக்கும் இதே பொருளில் ஓர் உடன்படிக்கை உண்டு. பூரிம் பண்டிகைக்கு முந்தைய எஸ்தர் நோன்பு நாள், சீட்டு கிடைக்காமல் கட்டுண்ட மனைவியருக்கான சர்வதேச நாளாகவும் அனுசரிக்கப்படுகிறது. அன்று மாலை ஜெபாலயத்துக்கு ஒரு நோட்டரியை வரவழையுங்கள். படிவங்களை இரண்டு வாரம் முன்பே வீடுகளுக்கு அனுப்பிவிடுங்கள். இருவரும் அடையாள அட்டையோடு வரச் சொல்லுங்கள். முதல் கையெழுத்து ரபியும் அவர் துணைவியாரும் போடட்டும், அடுத்தது நிர்வாகக் குழுத் தலைவரின் குடும்பம்.

அன்புடனும் மரியாதையுடனும்,
இந்த மடலை எழுதியவர்கள்